மெய்கண்டானின் சிவப்புப் பென்சில்

“சாமி, கண்ணை மூடினா ஆபாசமா வருது.”

வந்தவர் துண்டை மூக்கிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

டயரில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்த சாமி காலை ஊன்றி ஆட்டத்தை நிறுத்தினார்.

“சரியாக் கேக்கல அண்ணாச்சி. மூக்கைத் திறந்து சொல்லுங்க.”

“கருவாட்டு வாடை சாமி.”

“ஆமா, நெத்திலி. இப்பத்தான் வறுத்து எடுத்தேன். என்ன வருதுன்னு சொன்னீங்க?”

“ஆபாசம்.”

“அடடே!” என்றார் சாமி. அவர் முகத்தில் கவலை எதுவும் தெரியவில்லை. “நமக்கெல்லாம் கண்ணை மூடினா தூக்கம்தான் வருது.”

சேந்தனூருக்கு வெளியே கால்வாய்க் கரையில் ஒரு புங்கை மரம். அதன் கிளையில் பழைய லாரி டயர் ஒன்று கயிற்றில் தொங்கும். அதில் எந்நேரமும் உட்கார்ந்திருப்பதால் அவருக்கு டயர் சாமி என்று பெயர். நாற்பது வயதுகூட இருக்காது. அவரைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை.

ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் வருத்தம். சாமியார் என்றால் கருவாடு தின்னலாமா? சேந்தனூர் நற்பண்புக் காவல் மன்றம் இதைக் கண்டித்து ஒரு தீர்மானமே போட்டிருந்தது. தீர்மானத்தைச் சாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தவருக்கு அவர் இரண்டு துண்டு வறுத்துக் கொடுத்து அனுப்பினார். அந்த மனிதர் தின்றாரா இல்லையா என்பதை மன்றம் இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறது.

அந்த மன்றத்திலிருந்துதான் மெய்கண்டான் வந்திருந்தார். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ரோட்டை விட்டு, வயல் வரப்பில் இறங்கி, வேட்டியில் சேறு தெறிக்க வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். நெற்றியில் திருநீறு. சட்டைப் பையில் சிவப்புப் பென்சில்.

“நீங்க மன்றத்துல யாரு?” என்று சாமி கேட்டார்.

“நூல் ஆய்வாளர்.”

“அப்படின்னா?”

“நூலகத்துக்கு வர்ற புத்தகத்துல எது ஆபாசம்னு கண்டுபிடிச்சுச் சிவப்புக் கோடு போடுவேன்.”

“கோடு போட்டு?”

“மன்றத்துல எழுந்து நின்னு படிப்பேன். எல்லாரும் கேட்டு, அருவருத்து, கை தூக்கித் தள்ளிவெப்போம்.”

இது மன்றத்தை நிறுவியவர் வைத்துவிட்டுப் போன விதி. ரொம்பக் கண்டிப்பான மனிதர். கேட்காமல் ஒரு புத்தகத்தைத் தண்டிப்பது அநியாயம் என்று நினைத்தவர். ஆகவே கோடு போட்ட வரி ஒவ்வொன்றையும் மன்றத்தில் உரக்கப் படித்தாக வேண்டும். போட்ட கோட்டை அழிக்கக் கூடாது. படித்து முடிகிறவரை யாரும் எழுந்து போகக் கூடாது. அதற்குப் பிறகே கை தூக்கலாம்.

அவர் ஒன்றை எதிர்பார்க்கவில்லை. புத்தகம் தள்ளிவைக்கிற நாளில்தான் மன்றத்துக்குக் கூட்டம் நிரம்பி வழியும். வயல் வழக்கு, வாய்க்கால் வழக்கு என்றால் எட்டிப் பார்க்காத உறுப்பினர்கள்கூட அன்றைக்குக் குளித்து, சட்டை மாற்றி, முன்வரிசையில் இடம் பிடிப்பார்கள். முறுக்கும் சுக்குக் காப்பியும் உண்டு. மெய்கண்டானுக்குக் கணீரென்ற குரல். அவர் படித்து நிறுத்தினால், “சே! என்ன கேவலம்!” என்று எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். பொருளாளர் சிதம்பரதாணுவுக்குக் காது மந்தம். “சரியா விழல. இன்னொரு தடவை படிங்க” என்பார். இரண்டாம் தடவையும் எல்லோரும் கேட்டு, எல்லோரும் அருவருப்பார்கள்.

தள்ளிவைத்த புத்தகங்கள் மன்றத் தலைவர் வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடந்தன. கிடந்தன என்று சொல்வதற்கில்லை. மேற்கொண்டு ஆராய்வதற்காக உறுப்பினர்கள் மாறி மாறி எடுத்துப்போனார்கள். எந்தப் புத்தகத்தை மேசையில் வைத்தாலும் அது சிவப்புக் கோடு போட்ட பக்கத்தில்தான் தானாகத் திறந்தது.

“இந்த வேலைக்கு எப்ப வந்தீங்க?” என்றார் சாமி.

“சம்சாரம் போன பிறகு. வீட்டுல பொழுது போகல. மன்றத்துல கூப்பிட்டாங்க.”

“என்ன பேரு?”

“மன்றத்துக்கா?”

“உங்க சம்சாரத்துக்கு.”

மெய்கண்டான் கொஞ்சம் தயங்கினார். “பகவதி.”

சாமி தலையை ஆட்டிக்கொண்டார். டயரும் சேர்ந்து ஆடியது.

“பூசையில உக்காந்து கண்ணை மூடினா அம்மன் முகம் வரணும் சாமி. எனக்குக் கோடு போட்ட வரிதான் வருது. ஒண்ணு போனா இன்னொண்ணு. எல்லாம் மனப்பாடம் ஆகிப்போச்சு. சோறு இறங்கல. இப்ப வெள்ளிக்கிழமை பெரிய கூட்டம். அதுக்குள்ள மனசைச் சுத்தமாத் துடைச்சுவிடணும். ஏதாவது ஒரு மந்திரம் கொடுங்க.”

“வெள்ளிக்கிழமை என்ன?”

“உலகம்மை டீச்சர் எழுதின புத்தகம்.”

உலகம்மை மன்றம் நடத்துகிற பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வெளியூரிலிருந்து தனியாக வந்து சேர்ந்தவர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே ஒரு அறையில் குடியிருக்கிறார். கணக்கு போடுகிறவர் என்றுதான் ஊர் நினைத்திருந்தது. அவர் ஒரு சின்ன நாவல் எழுதி, அது அச்சாகி, நூலகத்துக்கும் வந்துவிட்டது. பெயர், ‘விளாவிய வெந்நீர்’.

“தள்ளிவெச்சா அந்த அம்மாவுக்கு என்ன ஆகும்?”

“வேலை போயிரும். குடியிருக்கிற ரூமும் போயிரும். ஆபாசம் எழுதினவங்களைப் பிள்ளைங்களுக்கு நடுவுல விட முடியுமா சாமி?”

“விட முடியாதுதான். அப்படி என்ன எழுதியிருக்கு?”

மெய்கண்டான் சுற்றிலும் பார்த்தார். கால்வாயில் ஒரு எருமை மட்டும் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு, புத்தகத்தைத் திறக்காமலே, தங்குதடை இல்லாமல் சொன்னார்.

“‘அவர் வேட்டியை அவிழ்த்தேன். உடம்பில் ஒரு நூல் இல்லாமல் அவரை என் மடியில் சாய்த்துக்கொண்டேன். என் கை போகாத இடமில்லை.’”

எருமை காதை ஆட்டியது.

“குரல் நல்லா இருக்கு” என்றார் சாமி. “யாரு சொல்லுதா இதை?”

“கதாநாயகி.”

“யாரை மடியில சாய்ச்சுக்கிட்டா?”

“அது… கவனிக்கல.”

“வேட்டியை எதுக்கு அவுத்தா?”

“சாமி! எதுக்கு அவுப்பாங்க?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் சாமியார்.”

மெய்கண்டானுக்குக் கோபம் வந்தது.

“முன்னபின்ன படிக்கிறது என் வேலை இல்லை சாமி. கண்ணுல படுதா, கோடு போடுவேன். அம்புட்டுதான். மத்த உறுப்பினர்கள் அந்தக் கோட்டை மட்டும் கேட்டாப் போதும். எல்லாரும் முழுப் புத்தகம் படிச்சா மன்றம் என்னத்துக்கு?”

“அதுவும் சரிதான்” என்றார் சாமி. “பென்சிலைக் கொடுங்க.”

மெய்கண்டான் கொடுத்தார். சாமி அதை வாங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டார்.

“மந்திரம்?”

“சாப்பிட்டுப் போங்க.”

“நான் கருவாடு…”

“உங்களுக்கு ரசம்.”

மெய்கண்டானுக்கு நாக்கில் நீர் ஊறியது. ரசம் என்றால் அவருக்கு உயிர். அதிலும் காலையிலிருந்து பட்டினி. கை கழுவிவிட்டு வந்து, மரத்தடியில் சம்மணம் போட்டு, இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

சாமி இலையில் சோறு வைத்தார். பக்கத்தில் ஒரு உருண்டை புளி வைத்தார். பிறகு ஒரு வற்றல் மிளகாய், கொஞ்சம் மிளகு, கொஞ்சம் சீரகம், ஒரு பல் பூண்டு, ஒரு பச்சைத் தக்காளி. ஒரு கல் உப்பு. கடைசியாக ஒரு கட்டிப் பெருங்காயம். எல்லாவற்றையும் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

மெய்கண்டான் காத்திருந்தார்.

சாமியும் காத்திருந்தார்.

“சாமி, ரசம்?”

“இலையில இருக்கே.”

“இது புளி.”

“நீங்க ரசத்துக்குப் புளி சேர்க்க மாட்டீங்களா?”

“சேர்ப்பேன்.”

“மிளகாய்?”

“சேர்ப்பேன் சாமி. அதுக்காக…”

“காயம்?”

“சாமி, இந்த நாத்தம் குடலைப் பிடுங்குது!”

மெய்கண்டான் துண்டை மறுபடியும் மூக்கில் வைத்துக்கொண்டார். கருவாட்டுக்கு வைத்ததைவிட இறுக்கமாக வைத்தார்.

“அதுலதான் ரசமே இருக்கு அண்ணாச்சி. நல்லதாப் பொறுக்கி வெச்சிருக்கேன். சாப்பிடுங்க.”

மெய்கண்டான் இலையை மடக்காமலே எழுந்தார். பெரிய மனுஷன் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டு இப்படிக் கேலி செய்வது என்ன சாமியார்த்தனம்? மன்றம் போட்ட தீர்மானம் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு வரப்பில் இறங்கினார்.

“அண்ணாச்சி!” என்று சாமி பின்னாலிருந்து கத்தினார். “நாளைக்குப் பூசணிக்காய்க் கூட்டு!”

*

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மெய்கண்டான் ரசம் வைத்தார். பகவதி போன பிறகு சமையல் அவரேதான். ரசம் மட்டும் அவருக்குக் கைவந்திருந்தது.

புளியைக் கரைத்தார். மிளகையும் சீரகத்தையும் தட்டிப் போட்டார். “ரசமாம் ரசம்” என்று முணுமுணுத்துக்கொண்டே பெருங்காயத்தைக் கிள்ளிப் போட்டார். நுரை கட்டி எழும்பியதும் இறக்கி, நெய்யில் கடுகு தாளித்துக் கொட்டினார்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் சுவர் தாண்டி வந்தது.

“மெய்கண்டான் அண்ணாச்சி, என்ன ரசமா? தெருவே மணக்குதே!”

அவர் கரண்டியோடு அப்படியே நின்றார்.

அடுப்பு ஓரத்தில் பெருங்காய டப்பா இன்னும் திறந்திருந்தது. முகர்ந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு ரசத்தை முகர்ந்து பார்த்தார்.

சாப்பிட்டு முடித்துவிட்டு ‘விளாவிய வெந்நீர்’ புத்தகத்தை எடுத்தார். அதுவும் சிவப்புக் கோடு போட்ட பக்கத்தில்தான் திறந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி.

பென்சில் இல்லாத கைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் முதல் பக்கத்துக்குத் திருப்பினார். நூல் ஆய்வாளராக ஆன பிறகு அவர் ஒரு புத்தகத்தின் முதல் வரியைப் படிப்பது அதுதான் முதல் தடவை.

‘எங்கள் வீட்டு அண்டாவுக்கு வாய் கொஞ்சம் நெளிந்திருக்கும்.’

அட, நம் வீட்டு அண்டாவும் அப்படித்தானே என்று நினைத்தார்.

கதையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டது. அவருடைய மனைவி தினமும் காலையில் பனை மட்டை வைத்து எரித்து அண்டாவில் வெந்நீர் போடுகிறாள். பச்சைத் தண்ணீர் கலந்து விளாவி, முழங்கையை விட்டுப் பதம் பார்க்கிறாள். புருஷனைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லில் உட்காரவைக்க வேண்டும். அவரால் உட்கார முடியாது. கட்டடம் கட்டின மனிதர் சரிந்து சரிந்து விழுகிறார். இரண்டு பேரும் அதற்குச் சிரிக்கிறார்கள். கோழி ஒன்று குறுக்கே ஓடுகிறது. கொத்தனார் கோழியைத் திட்டுகிறார்.

மெய்கண்டானும் சிரித்துவிட்டார். இன்னும் சில பக்கங்கள் தள்ளித்தான் அந்தக் கோடு இருந்தது.

‘அவர் வேட்டியை அவிழ்த்தேன். உடம்பில் ஒரு நூல் இல்லாமல் அவரை என் மடியில் சாய்த்துக்கொண்டேன். என் கை போகாத இடமில்லை. படுத்துப் படுத்து முதுகெல்லாம் புண். புண்ணைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உனக்கு அருவருப்பா இல்லையா?” என்றார்.

“கண்ணை மூடுங்க, சோப்பு படும்” என்றேன்.’

கோடு மூன்றாவது வரியோடு நின்றிருந்தது.

மெய்கண்டான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார்.

பகவதிக்குக் கடைசி வருஷம் எழுந்து நடக்க முடியவில்லை. பெண் பிள்ளை கிடையாது. ஆள் வைக்கிறேன் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். மெய்கண்டான் கேட்கவில்லை. தினமும் அவர்தான் தூக்கிக்கொண்டு போவார். அவர்தான் சேலையை அவிழ்ப்பார். அவர்தான் தேய்த்துக் குளிப்பாட்டுவார். ஒருநாள் அவள் கேட்டாள், “அருவருப்பா இல்லையா உங்களுக்கு?” அவருக்கு இந்த மாதிரிப் பேசத் தெரியாது. “அசையாம இரு” என்று மட்டும் சொன்னார்.

கண்ணை மூடு, சோப்பு படும் என்று சொல்லியிருக்கலாம்.

அவர் அழுதார். பகவதி போனபோதுகூட ஊர் பார்க்கிறதே என்று அடக்கிக்கொண்டவர், சமையல்கட்டில் ரசச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். அழுது முடித்ததும் மனசு லேசாக இருந்தது. மிச்சப் புத்தகத்தையும் படித்து முடித்தார்.

பிறகு ரப்பரை எடுத்துச் சிவப்புக் கோட்டை அழிக்கத் தொடங்கினார். விதி ஞாபகம் இருந்தது. இருந்தாலும் அழித்தார். கோடு போகவில்லை. பக்கம் முழுக்க வெற்றிலை துப்பின மாதிரி ஆகிவிட்டது.

*

மன்றத் தலைவர் நல்லசிவத்திடம் போய்ச் சொன்னார்.

“தலைவரே, அந்தப் புத்தகத்துல ஒண்ணும் இல்லை. குளிப்பாட்டுதா. அம்புட்டுதான்.”

“குளிக்கிற சீனா?” என்றார் நல்லசிவம். “கோட்டுல அது வரலியே?”

“அய்யோ, அப்படி இல்ல. புருஷனுக்கு உடம்பு சரியில்ல. முன்னாடி இருக்கிறதையும் பின்னாடி இருக்கிறதையும் படிச்சீங்கன்னா…”

“அண்ணாச்சி, கோடு போட்டாச்சு. போட்டதை மன்றத்துல படிக்கணும். கோடு போடாததை மன்றத்துல படிக்க விதியில இடம் இல்ல. டீச்சரையும் வரச் சொல்லியாச்சு.” நல்லசிவம் குரலைத் தாழ்த்தினார். “முறுக்குக்குச் சொல்லியாச்சு அண்ணாச்சி. பக்கத்து ஊருலேருந்தெல்லாம் ஆள் வருது.”

மெய்கண்டான் ரோட்டு வழியாகவே டயர் சாமியிடம் போனார். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று நடந்தார். துண்டு தோளில் கிடந்தது.

சாமி பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பென்சில் கொண்டையிலேயே இருந்தது.

“வாங்க அண்ணாச்சி. கண்ணை மூடினா இப்ப என்ன வருது?”

மெய்கண்டான் நின்றபடியே கண்ணை மூடினார்.

“சோப்பு நுரை வருது சாமி.”

“வெறும் நுரையா?”

“பகவதி முகத்துல.”

சாமி கத்தியைக் கீழே வைத்தார்.

“அப்புறம் என்ன? மந்திரம் வேண்டாமில்ல?”

“எனக்கு வேண்டாம். ஆனா அந்தப் புள்ளைக்கு வேலை போயிருமே சாமி! மூணே மூணு வரி. நான் போட்ட கோடு. அதை மட்டும் படிச்சா ஒருத்தர் விடாம கை தூக்குவாங்க. எனக்கே அது ஆபாசமாத்தானே பட்டுது? அழிச்சுப் பார்த்தேன். அழியல.”

“அழிக்காதீங்க.”

“பின்ன என்ன செய்ய?”

சாமி கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். முனையைப் பார்த்தார். பூசணிக்காய் நறுக்கிய கத்தியாலேயே அதைக் கூராகச் சீவி, மெய்கண்டான் கையில் கொடுத்தார்.

“இன்னும் எம்புட்டுப் பென்சில் மிச்சம் இருக்கு, பாருங்க” என்றார்.

மெய்கண்டான் பென்சிலைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார். திரும்பவும் பென்சிலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பெரிதாகி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புங்கை மரத்தில் சாய்ந்து நின்று சிரித்தார். கால்வாயில் கிடந்த எருமை எழுந்து பார்த்தது.

“கூட்டு சாப்பிட்டுப் போங்க” என்றார் சாமி.

“முழுக் கூட்டா, இல்ல பூசணிக்காய் தனியா, தேங்காய் தனியாவா?”

“உட்காருங்க அண்ணாச்சி.”

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் மன்றத்தில் கால் வைக்க இடம் இல்லை. ஜன்னலில்கூட ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சுக்குக் காப்பி மணம் கூடம் முழுக்க நிறைந்திருந்தது. முன்வரிசையில் சிதம்பரதாணு காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

உலகம்மை டீச்சர் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை. அறையிலிருந்த சாமான்களை முன்கூட்டியே கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை.

“நூல் ஆய்வாளர் படிக்கலாம்” என்றார் நல்லசிவம்.

மெய்கண்டான் எழுந்தார். புத்தகத்தைத் திறந்தார்.

“‘எங்கள் வீட்டு அண்டாவுக்கு வாய் கொஞ்சம் நெளிந்திருக்கும்…’”

“அண்ணாச்சி, அண்ணாச்சி!” நல்லசிவம் கையைக் காட்டி நிறுத்தினார். “கோடு போட்டதை மட்டும்.”

“கோடு போட்டதைத்தான் படிக்கேன் தலைவரே.”

மெய்கண்டான் புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். முதல் பக்கம் முழுக்கச் சிவப்பு. திருப்பினார். அடுத்த பக்கமும் சிவப்பு. விரல் வைத்து விசிறினார். அட்டை முதல் அட்டை வரை கோடு இல்லாத வரியே இல்லை. சட்டைப் பையில் பென்சில் கட்டைவிரல் நுனி அளவுக்குத் தேய்ந்து போயிருந்தது.

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இவ்வளவு ஆபாசமான புத்தகம் சேந்தனூருக்கு இதுவரை வந்ததில்லை.

“அண்டாவுமா?” என்றார் நல்லசிவம்.

“கோடு போட்டாச்சு தலைவரே.”

நல்லசிவம் சுவரில் மாட்டியிருந்த விதிப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். கோடு போட்ட வரி ஒவ்வொன்றும். படித்து முடிகிறவரை யாரும் எழுந்து போகக் கூடாது. நிறுவியவரின் படம் பலகைக்கு மேலே இருந்து முறைத்துக்கொண்டிருந்தது.

“படிங்க” என்றார்.

மெய்கண்டான் படித்தார். கூட்டம் ஆவலோடு கேட்டது. அண்டாவில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். பனை மட்டை வந்தபோது, இதோ வந்துவிட்டது என்று முன்னால் குனிந்தார்கள். கோழி வந்ததும் யாரோ ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவரை நல்லசிவம் முறைத்தார். அடுத்த வரியில் கொத்தனார் கோழியைத் திட்டினார். நல்லசிவமே சிரித்துவிட்டார்.

அப்புறம் யாரும் ஆபாசத்துக்காகக் காத்திருந்த மாதிரித் தெரியவில்லை. கொத்தனாருக்குக் காய்ச்சல் வந்தபோது கூடம் கவலைப்பட்டது. காய்ச்சல் இறங்கியதும், “அப்பாடா” என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

மெய்கண்டானின் கணீர்க் குரல் ஓரிடத்தில் தடுமாறியது. அவர் நிறுத்தித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“‘“உனக்கு அருவருப்பா இல்லையா?” என்றார். “கண்ணை மூடுங்க, சோப்பு படும்” என்றேன்.’”

“சே” என்று யாரும் சொல்லவில்லை. சிதம்பரதாணு உரக்க மூக்கைச் சிந்தினார். அவர் தன் தம்பியை இரண்டு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர்.

கதையின் கடைசியில் கொத்தனார் இறந்துபோனார். அண்டாவில் கடைசி வெந்நீர் போட்டு, பதம் பார்த்து, அவள் அவரைக் குளிப்பாட்டினாள். மெய்கண்டான் புத்தகத்தை மூடினார். வெளியே வெயில் சாய்ந்திருந்தது. முறுக்குத் தட்டு தொடாமல் கிடந்தது. சுக்குக் காப்பி ஆறிப்போயிருந்தது. உலகம்மை டீச்சர் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

நல்லசிவம் செருமினார். விதி என்று ஒன்று இருக்கிறதே.

“இந்த நூலைத் தள்ளிவைக்கலாம்கிறவங்க கை தூக்கலாம்.”

ஒரு கையும் எழவில்லை. நல்லசிவம் தன் கையைப் பார்த்தார். அது மடியிலேயே கிடந்தது.

“பொறுங்க, பொறுங்க!” என்று முன்வரிசையிலிருந்து சிதம்பரதாணு எழுந்தார். கண் சிவந்திருந்தது. “அதெப்படிக் கேட்கலாம் தலைவரே? கதை முடிஞ்சுபோச்சு, ஆபாசம் இன்னும் வரவே இல்லையே?”

“அது முன்னமே வந்துட்டுப் போயிட்டுது அண்ணாச்சி” என்றார் மெய்கண்டான். “நீங்க மூக்கைச் சிந்துனீங்களே, அப்ப.”